பன்னிரண்டு தந்திகளும் காணொளிப் பாடங்களும்: வாசகர் கேள்வி பதில்

பன்னிரண்டு தந்திக் கிட்டாரைக் காணொளி பார்த்துக் கற்றுக்கொள்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில், ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறு தந்திக் கிட்டார் ஓரளவு நன்றாகவே வாசிப்பேன். அண்மையில் பன்னிரண்டு தந்திக் கிட்டார் ஒன்றை வாங்கிக் காணொளிப் பாடங்களைப் பின்பற்றி வருகிறேன். ஆசிரியர் கட்டைவிரலால் மீட்டும்போது கீழ் சுரங்கள் கனமாக ஒலிக்கின்றன. அதே இடத்தை நான் மீட்டினால் மாண்டலின் போல மெல்லிய ஒலிதான் வருகிறது. கருவியில் குறை இருக்குமா?
— திருச்சி வாசகர்

கருவியைக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வதற்கு முன் உங்கள் கட்டைவிரலைச் சற்றுக் கவனியுங்கள். இந்தக் கருவியில் தந்திகள் ஆறு இணைகளாக அமைந்திருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். முதல் இரண்டு இணைகளில் இரு தந்திகளும் ஒரே சுரத்தில் நிற்கும். மூன்றாவது முதல் ஆறாவது வரையுள்ள நான்கு இணைகளில், தடித்த தந்திக்குப் பக்கத்தில் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தி ஒன்று இருக்கும். வழக்கமான மரக் கிட்டார்களில் இந்த மெல்லிய தந்தி, வாசிப்பவரின் முகத்துக்கு அருகே, அதாவது மேற்புறமாக வைக்கப்பட்டிருக்கும். ஆகவே மேலிருந்து கீழே இறங்கும் கட்டைவிரல் முதலில் தொடுவது மெல்லிய தந்தியைத்தான். ஆறு தந்திக் கிட்டாரில் பழகிய கட்டைவிரல், ஒரு தந்தியைத் தட்டியதும் வேலை முடிந்துவிட்டது என்று உடனே வெளியே எழும்பிவிடுகிறது. தடித்த தந்தி தொடப்படாமலே நின்றுவிடுகிறது. நீங்கள் கேட்பது இணையின் பாதியை மட்டுமே.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. ஆறாவது இணையைக் கட்டைவிரலால் ஒரு முறை மீட்டிவிட்டு, உடனே இடதுகை விரல் நுனியால் அந்த இணையின் மெல்லிய தந்தியை மட்டும் தொட்டு நிறுத்துங்கள். கீழ் சுரம் தொடர்ந்து ஒலித்தால் இரண்டு தந்திகளும் மீட்டப்பட்டிருக்கின்றன. ஒலி முழுவதும் அடங்கிவிட்டால் மெல்லிய தந்தி மட்டுமே பேசியிருக்கிறது. திருத்தும் வழியும் கடினமானது அல்ல. கட்டைவிரலை வெளியே தூக்காமல், இணை முழுவதையும் தாண்டி, அடுத்த இணையின் மேல் போய்ச் சாய்ந்து நிற்கும்படி மீட்ட வேண்டும். ஆறாவது இணையை மீட்டிய விரல் ஐந்தாவது இணையின் மேல் ஒரு கணம் ஓய்ந்திருக்கட்டும். கார்ட் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) எதுவும் பிடிக்காமல், திறந்த தந்திகளில், ஆறு, ஐந்து, நான்கு என்று இறங்கி மெதுவாக இதைச் செய்து பழகினால் சில நாட்களிலேயே ஒலியின் கனம் மாறுவதை உணர்வீர்கள்.

மற்ற விரல்களின் கதை இதற்கு நேர்மாறானது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கீழிருந்து மேலாக இழுக்கின்றன. எனவே மூன்றாவது, நான்காவது இணைகளில் அவை முதலில் சந்திப்பது தடித்த தந்தியை. விரல் மேலோட்டமாக இழுத்தால் அங்கே மெல்லிய தந்தி விடுபட்டுப்போகும். நீண்ட நகம் வளர்த்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும், ஏனெனில் நகத்தின் நுனி ஒரு தந்தியைக் கொக்கி போட்டு இழுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறது. நுனிச் சதையும் சிறிதளவு நகமும் சேர்ந்து இரண்டு தந்திகளையும் ஒன்றாக அழுத்தி விடுவிக்கும் அளவுக்கு விரல் சற்று ஆழமாக இறங்க வேண்டும். முதல் இரண்டு இணைகளில் இந்தத் தவறு காதுக்குச் சுலபத்தில் அகப்படாது, இரண்டும் ஒரே சுரம் என்பதால். ஒலியில் மினுமினுப்பு இல்லையே என்று மட்டும் தோன்றும். அங்கும் மேலே சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள்.

காணொளியில் இதையெல்லாம் ஏன் பார்க்க முடியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இணையின் இரு தந்திகளுக்கும் இடையே இருப்பது ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளிதான். விரல் ஒரு தந்தியோடு நின்றதா, இரண்டையும் கடந்ததா என்பது திரையில் தெரியாது. எந்தத் தந்தியை எங்கே அழுத்துவது என்று கோடுகளில் காட்டும் டேப் குறிப்பிலும் ஆறு கோடுகள் மட்டுமே இருக்கும். இணைக்கு ஒரு கோடு. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் கண்ணை நம்பாமல் காதால்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சுருதி சேர்ப்பதற்கே அரை மணி நேரம் போய்விடுகிறது. சேர்த்த பிறகும் காணொளியோடு சேர்ந்து வாசித்தால் ஒத்துவரவில்லை. ஆசிரியர் சொல்லும் அதே கார்டைத்தான் பிடிக்கிறேன்.
— வாசகி, கோவை

இதில் இரண்டு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. இரண்டாவதை முதலில் பார்த்துவிடலாம், ஏனெனில் அதற்கு விடை சிறியது. பன்னிரண்டு தந்திக் கிட்டார் வாசிப்பவர்களில் பலர் கருவியை வழக்கமான சுருதியில் வைப்பதில்லை. எல்லாத் தந்திகளையும் அரைச் சுரமோ முழுச் சுரமோ இறக்கி வைக்கிறார்கள். மெல்லிய தந்திகளால் ஆன ஒரு தொகுதியே வழக்கமான சுருதியில் கழுத்தின் மீது மொத்தமாக 100 கிலோவுக்கு மேற்பட்ட இழுவிசையைச் செலுத்துகிறது. முழுச் சுரம் இறக்கினால் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்; விரலுக்கும் மரத்துக்கும் அது பெரிய ஆறுதல். உங்கள் ஆசிரியரும் அப்படி இறக்கி வைத்துக்கொண்டு ‘ஜி கார்ட்’ என்று சொல்லியிருந்தால், அவர் கை ஜி வடிவத்தைப் பிடித்தாலும் கேட்கும் சுரம் எஃப் ஆகத்தான் இருக்கும். ஒவ்வொரு காணொளியையும் தொடங்கும்போது, ஆசிரியர் திறந்த ஆறாவது இணையை எங்காவது தனியாக மீட்டுகிறாரா என்று பார்த்து, அந்தச் சுரத்தை டியூனரில் (சுரத்தை அளந்து காட்டும் கருவி) காட்டிவிடுங்கள். ஈ வந்தால் வழக்கமான சுருதி. டி வந்தால், மற்ற தந்திகளும் அதற்கேற்ப இறங்கியிருக்கின்றனவா என்று ஐந்தாவது இணையையும் பார்த்துவிட்டு, முழுச் சுரம் இறக்கப்பட்டது என்று கொள்ளலாம். நீங்களும் முழுச் சுரம் இறக்கிவிட்டு, வழக்கமான சுருதி தேவைப்படும் பாடங்களுக்கு இரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்காகப் பதித்த கம்பி) கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டிக்கொள்வதே எனக்குச் சரியான ஏற்பாடாகத் தோன்றுகிறது. ஆனால் கேப்போ இந்தக் கருவிக்கென்று செய்யப்பட்டதாக இருக்கட்டும். சாதாரணக் கேப்போ தடித்த தந்திகளில் தாங்கிக்கொண்டு, பக்கத்திலுள்ள மெல்லிய தந்திகளைச் சரியாக அழுத்தாமல் விட்டுவிடும்.

இனி சுருதி சேர்க்கும் முறை. நேரம் வீணாவதற்குப் பெரும்பாலும் காரணம், இணையின் இரு தந்திகளையும் சேர்த்து மீட்டிவிட்டு டியூனரைப் பார்ப்பதுதான். டியூனர் எதைக் காட்டுவது என்று தெரியாமல் தடுமாறும். ஒரு தந்தியை விரலால் அடக்கிவிட்டு மற்றதை மட்டும் பிக்கால் (தந்தியை மீட்டும் சிறு தகடு) மீட்டுங்கள். முதல் சுற்றில் ஆறு தந்திக் கிட்டாரில் இருக்கும் ஆறு தந்திகளை மட்டும் சேர்த்துவிடுங்கள். இரண்டாம் சுற்றில் அவற்றின் துணைத் தந்திகளைச் சேருங்கள். துணைத் தந்திகள் இறுகும்போது கழுத்து சிறிது வளைவதால் முதலில் சேர்த்தவை சற்று இறங்கியிருக்கும்; எனவே மூன்றாவதாக ஒரு சுற்று கட்டாயம் வேண்டும். அதைத் தவிர்க்க நினைப்பவர்களுக்குத்தான் அரை மணி நேரம் ஆகிறது.

எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். சுரம் மேலே போய்விட்டால் கொஞ்சம் தளர்த்திக் கீழே இறக்கிவிட்டு மறுபடியும் ஏற்ற வேண்டும்; இல்லையென்றால் சுருதிக் குமிழின் பல்சக்கரத்தில் இருக்கும் தளர்வு வாசிக்கும்போது வெளிப்பட்டுவிடும். குமிழைத் திருப்பும்போது ‘டிக்’ என்ற சத்தத்தோடு சுரம் தாவினால், தந்தி நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் பள்ளமிட்ட சிறு பட்டை) பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது என்று பொருள். பென்சில் முனையால் அந்தப் பள்ளத்தில் கோடிழுத்தால் போதும்.

கடைசி வேலையைக் காதிடம் விடுங்கள். ஒரே சுரத்தில் நிற்க வேண்டிய இரு தந்திகளைச் சேர்த்து மீட்டும்போது ஒலி அலையலையாகப் பெருகித் தணிவதைக் கேட்கலாம். இரண்டுக்கும் ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தால் நொடிக்கு ஓர் அலை வரும். அந்த அலை மெதுவாகி மறையும் இடத்தில் நிறுத்துங்கள். முற்றிலும் மறைந்துவிட வேண்டும் என்று பிடிவாதம் தேவையில்லை. மிக மெதுவான ஓர் அலை மிஞ்சியிருப்பதுதான் இந்தக் கருவிக்கு அழகு என்று கருதுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

மூன்றாவது இணையின் மெல்லிய தந்தி மட்டும் அடிக்கடி அறுந்துபோகிறது. ஏன்?
— நாகர்கோவில் வாசகர்

கருவியிலேயே மிக உயரமான சுரம் அதுதான் என்பதால். முதல் இணையின் திறந்த சுரம் ஏறக்குறைய 330 ஹெர்ட்ஸ். மூன்றாவது இணையின் மெல்லிய தந்தியோ 392 ஹெர்ட்ஸில் நிற்கிறது. அதைத் தாங்குவதற்காக 0.008 அல்லது 0.009 அங்குலக் கனமுள்ள தந்தியைப் போடுகிறார்கள். கருவியில் அதைவிட மெல்லியது வேறில்லை. முழுச் சுரம் இறக்கி வையுங்கள். அறுவது வெகுவாகக் குறையும். அப்படியும் ஒரே இடத்தில் அறுந்துகொண்டிருந்தால், அந்த இடத்தில், நட்டிலோ, மேற்பலகையில் தந்திகள் பொருத்தப்படும் பிரிட்ஜிலோ, கூரிய விளிம்பு ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். உங்கள் ஊரைப் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் துருவும் சீக்கிரம் ஏறும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்து, கருவியைப் பெட்டியில் வைத்து மூடுங்கள். இந்த ஒரு தந்தியை மட்டும் தனியாகக் கூடுதலாக வாங்கி வைத்திருப்பது நல்லது.

எஃப் கார்டை ஐந்து நிமிடம் பிடித்தால் இடதுகை ஓய்ந்துவிடுகிறது. காணொளியில் எல்லோரும் சிரித்துக்கொண்டே பிடிக்கிறார்கள். நாளாக நாளாகச் சரியாகிவிடுமா, அல்லது எனக்கு இந்தக் கருவி ஒத்துவராதா?
— வாசகர், மதுரை

நாளாக நாளாகச் சரியாகும் என்ற அறிவுரையை நான் அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டேன், ஏனெனில் பல நேரங்களில் குற்றம் கையில் இல்லை, நட்டில் இருக்கிறது. முதல் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டிவிட்டு, அதற்கு மேலே, இரண்டாவது ஃப்ரெட்டில் அதே எஃப் வடிவத்தைப் பிடித்துப் பாருங்கள். கை திடீரென்று இலகுவாகிவிட்டால், உங்கள் கருவியின் நட்டுப் பள்ளங்கள் தேவைக்கு மேல் உயரமாக வெட்டப்பட்டிருக்கின்றன. கடையிலிருந்து வரும் கருவிகள் பலவற்றில் இப்படித்தான் இருக்கும். பன்னிரண்டு பள்ளங்களையும் அளவாக அரத்தால் இறக்குவது நுணுக்கமான வேலை. நீங்களே முயலாமல், கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். காணொளியில் சிரிக்கும் ஆசிரியர்களின் கருவிகள் இந்தச் சீரமைப்பைக் கடந்து வந்தவை என்பதையும், அவர்களில் பலர் சுருதியை இறக்கியிருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதன் பிறகும் கடினமாக இருந்தால் கைக்கு வருவோம். விரலை ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதன் பின்னால் வையுங்கள். நடுவில் வைத்தால் கூடுதல் அழுத்தம் கொடுக்க நேரும். விரல் நுனி இணையின் நடுவே, இரு தந்திகளையும் சமமாகத் தாங்கும்படி இறங்க வேண்டும். தேவைக்கு மேல் அழுத்தினால் மெல்லிய தந்தியின் சுரம் மேலேறி, சேர்த்த சுருதி கெட்டதுபோல் ஒலிக்கும். ஆகவே அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, தந்தி கரகரக்கத் தொடங்கும் எல்லையைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று மேலே நின்றுகொள்வது பயனுள்ள பயிற்சி. ஆறு இணைகளையும் குறுக்காக அழுத்தும் எஃப் கார்டைத்தான் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்தக் கருவியில் முதல் நான்கு இணைகளை மட்டும் பயன்படுத்தும் சிறிய எஃப் கார்டிலேயே எட்டுத் தந்திகள் ஒலிக்கின்றன. பெரும்பாலான பாட்டுகளுக்கு அது தாராளம்.

விரல் நுனித் தோலில் எரிச்சல் என்றால் கவலை வேண்டாம். மணிக்கட்டில் வலியோ விரல்களில் மரத்துப்போன உணர்வோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இது வெறும் எச்சரிக்கைக்காகச் சொல்லும் பேச்சு அல்ல. 1969-இல் வெளியான இசைத்தட்டால் இந்தக் கருவியின் பெரும் கலைஞராக அறியப்பட்ட அமெரிக்கரான லியோ காட்கே, விரல்களில் பிக் மாட்டிக்கொண்டு அசுர வேகத்தில் வாசித்தவர். 1980-களின் தொடக்கத்தில் வலது கையில் தசைநாண் அழற்சியும் நரம்புப் பாதிப்பும் ஏற்பட்டதால், பிக்குகளைக் கைவிட்டு வெறும் விரல்களால் வாசிக்கும்படி தம் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவருடைய பழைய வேகத்தைக் காணொளியில் பார்த்து முதல் மாதத்திலேயே பின்பற்ற முயல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எண்ணற்ற காணொளிகள் கிடைக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பார்ப்பது?
— வாசகி, யாழ்ப்பாணம்

ஆசிரியர் நேரில் இல்லாமல் இசைக்கருவி கற்பது புதிய வழக்கம் அல்ல. ஹேப்பி டிராம் என்ற கிட்டார் கலைஞர் 1967-இலேயே அமெரிக்காவில் ஹோம்ஸ்பன் டேப்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஒலிநாடாவில் பாடங்களைப் பதிவு செய்து அஞ்சலில் அனுப்பினார். அந்த நாடாக்களில் கையைப் பார்க்க முடியாது. ஆகவே மாணவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். இன்று கை தெரிகிறது, காது மந்தமாகிவிடுகிறது. இதனால்தான், காணொளியைத் தேர்ந்தெடுக்கும்போது படத்தின் தெளிவைவிட ஒலியின் தரத்தை நான் முதலில் பார்க்கச் சொல்வேன். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இந்தக் கருவியைக் கேட்கவே கேட்காதீர்கள். ஆறாவது இணையின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அவ்வளவு தாழ்ந்த சுரத்தை அந்த ஒலிபெருக்கியால் தர முடியாது. மெல்லிய துணைத் தந்திதான் துருத்திக்கொண்டு கேட்கும், நீங்களும் அதுவே இலக்கு என்று நினைத்துப் பழகிவிடுவீர்கள். நல்ல செவிபேசி ஒன்று போதும்.

அடுத்ததாக, வலதுகையை அண்மைக் காட்சியில் காட்டும் பாடமா என்று பாருங்கள். பெரும்பாலான காணொளிகள் இடதுகை விரல்களைப் பெரிதாகக் காட்டிவிட்டு வலதுகையைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகின்றன. பன்னிரண்டு தந்திக்கு இது தலைகீழான ஏற்பாடு. கார்ட் வடிவங்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவைதாம். சில காணொளிகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிப் பதிவாகியிருக்கும். ஆசிரியர் இடதுகைக்காரராகத் தோன்றினால் அவர் சட்டையில் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். தந்திகள் பாம்புபோல நெளிவதாகத் தெரிவதும் கேமரா படத்தை வரிவரியாகப் பதிவதால் வரும் மாயம்தான். அதில் கற்க ஒன்றுமில்லை.

மின்சாரக் கிட்டார் பாடங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ரோஜர் மக்வின் 1965 முதல் புகழ்பெறச் செய்த ரிக்கன்பாக்கர் நிறுவனத்தின் பன்னிரண்டு தந்திக் கருவிகளில், இணைக்குள் தந்திகளின் வரிசை மாறியிருக்கும்: தடித்த தந்தி மேற்புறமாகவும் மெல்லியது கீழ்ப்புறமாகவும் இருப்பதால், கீழ்நோக்கிய அடியில் முதலில் ஒலிப்பது தடித்த தந்தி. அந்தப் பாடங்களில் கேட்கும் தாக்கத்தை மரக் கிட்டாரில் அப்படியே எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அவருடைய வலதுகை முறை வேறொரு காரணத்துக்காகப் பார்க்கத்தக்கது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தட்டையான பிக்கைப் பிடித்துக்கொண்டு, அடுத்த இரு விரல்களில் உலோக விரல் பிக்குகளை மாட்டிக்கொள்கிறார். பாஞ்சோ வாசிப்பிலிருந்து வந்த பழக்கம் அது. விரல்கள் மட்டும் இணையை முழுமையாகப் பிடிக்க மறுக்கும்போது, இது ஒரு மாற்றுவழி.

வேகத்தைக் குறைத்துப் பார்ப்பதில் ஒரு நிதானம் வேண்டும். முக்கால் வேகத்தில் ஒலி ஏறக்குறைய முழுமையாக இருக்கும். பாதி வேகத்துக்கு இறக்கினால் சுரம் மாறாவிட்டாலும், இரட்டைத் தந்திகளின் ஒலி நீட்டப்பட்டுக் குழம்பி, எந்தத் தந்தி முதலில் ஒலித்தது என்பதே தெரியாமல் போகும். பாதி வேகத்தை விரல்களின் வரிசையைப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை முழு வேகத்திலேயே கேட்டு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு பாடத்தில் இரண்டு தாள வட்டங்களை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு வாசியுங்கள். பிறகு அதே கோணத்தில் உங்கள் வலதுகையைக் கைப்பேசியில் பதிவு செய்து, முதலில் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் ஆசிரியருடையதோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு எங்கே என்று காது சொன்ன பிறகு படத்தைப் பார்த்தால், காரணம் விரைவில் புலப்படும்.

லெட் பெல்லியின் பாணியைக் கற்க ஆசை. அவரைப் போலவே தந்திகளைத் தாழ்த்தினால் கருவி கரகரக்கிறது.
— சென்னை வாசகர்

1949-இல் மறைந்த அமெரிக்க நாட்டுப்புறப் பாடகரான லெட் பெல்லி, ஸ்டெல்லா என்ற பெயருள்ள பெரிய பன்னிரண்டு தந்திக் கிட்டாரை வழக்கமான சுருதியிலிருந்து நான்கைந்து அரைச் சுரங்கள் தாழ்த்தி வாசித்தார். அந்தக் கருவியில் தந்திகளின் நீளமும் அதிகம், கனமும் அதிகம். இன்று கடையில் கிடைக்கும் மெல்லிய தொகுதியை உங்கள் கிட்டாரில் போட்டு ஐந்து அரைச் சுரங்கள் இறக்கினால் இழுவிசையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு போய்விடும். தந்தி தொய்ந்து ஃப்ரெட்டில் இடிக்கத்தான் செய்யும். இரண்டு அரைச் சுரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது கனமான தந்தித் தொகுதி போட்டு, நட்டுப் பள்ளங்களை அதற்கேற்ப அகலப்படுத்திக்கொள்ளுங்கள்.

அவர் வாசிப்பதைக் காட்டும் படச்சுருள்கள் மிகச் சிலவே. அவரோடு பழகிய நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் 1962-இல் அவர் பாணியைக் கற்பிக்கும் இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். பின்னால் வந்த பாடங்கள் பலவற்றுக்கும் அது முன்னோடி. கட்டைவிரலில் பிக் மாட்டி, தாழ்ந்த சுரங்களின் இணைகளில் ஒவ்வொரு சுரமாக நடந்து, ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குப் போவதுதான் அந்தப் பாணியின் உயிர். சியிலிருந்து ஜிக்கு, ஜியிலிருந்து சிக்கு என்று இரண்டு நடைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் கேள்விக்குச் சொன்ன கட்டைவிரல் பயிற்சியோடு சேர்த்து வாசியுங்கள். விரல்கள் உயர்ந்த சுரங்களின் இணைகளை அலங்கரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பன்னிரண்டு தந்திக் கிட்டார் வாங்க இப்போது வசதியில்லை. என்னிடமுள்ள ஆறு தந்திக் கருவியில் கூடுதல் தந்திகளைப் பொருத்த முடியுமா?
— கல்லூரி மாணவர், சேலம்

வேண்டாம். கழுத்தும் மேற்பலகையும் அந்த இழுவிசைக்காகச் செய்யப்பட்டவை அல்ல; பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். ஆனால் அந்த ஒலியை அனுபவிக்க வேறு வழி இருக்கிறது. பன்னிரண்டு தந்தித் தொகுதி ஒன்றை வாங்கி, மூன்றாவது முதல் ஆறாவது வரையுள்ள துணைத் தந்திகளையும், முதல் இரண்டு தந்திகளில் ஒவ்வொன்றையும் உங்கள் ஆறு தந்திக் கிட்டாரில் பொருத்துங்கள். நாஷ்வில் சுருதி என்று ஒலிப்பதிவுக் கூடங்களில் இதற்குப் பெயர். இழுவிசை வழக்கத்தைவிடக் குறைவாகவே இருக்கும். நண்பர் ஒருவர் சாதாரணக் கிட்டாரில் அதே கார்டுகளை உங்களோடு சேர்ந்து வாசித்தால், இருவருக்கும் நடுவே பன்னிரண்டு தந்தியின் ஒலி பெரும்பாலும் வந்துவிடும். நண்பர் கிடைக்காவிட்டால் கைப்பேசியில் ஒன்றைப் பதிவு செய்து ஓடவிட்டு, அதன்மேல் மற்றதை வாசியுங்கள். மீந்துபோகும் தடித்த தந்திகளைத் தூக்கி எறியாமல் உறையில் போட்டு வைத்திருங்கள். பழைய நிலைக்குத் திரும்பும்போது உதவும்.